மருதம்பட்டை: பொடி, கேப்சூல், அரிஷ்டம் – பம்பிங் குறைந்த இதயத்துக்கு எது தேறும்?

எக்கோ என்ற இதய ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பம்பிங் 30 சதவீதம்' (ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) என்று வந்த வீட்டில், ஒரு வாரத்துக்குள் யாராவது மருதம்பட்டையின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் அது நான்கு உருவத்தில் நிற்கும். சாக்கில் துண்டு பட்டை, பொட்டலத்தில் பொடி, டப்பாவில் கேப்சூல், பாட்டிலில் அரிஷ்டம் என்ற புளிக்கவைத்த திரவ மருந்து. எல்லாம் ஒரே மரம்தானே என்று கைக்கு வந்ததை வாங்கிப் போகிறார்கள். மரம் ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே போகும் சரக்கு ஒன்றில்லை. மருத்துவ ஆய்வில் நோயாளிக்குக் கொடுத்த அளவுக்கும், கடைக் கேப்சூல் இரண்டு வேளை போட்டால் கிடைக்கும் அளவுக்கும் ஏழு மடங்கு வித்தியாசம்கூட வரும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இதயத்தசை நோய்க்குத் தனி மருந்தாக நான்கில் எதுவும் தேறாது. டாக்டர் கொடுத்த மாத்திரைகள் எதையும் குறைக்காமல், அவருக்குத் தெரிந்தே, கூடுதலாக எடுத்துப் பார்ப்பதென்றால் அளவு தெளிவாக எழுதிய எக்ஸ்ட்ராக்ட் (பட்டையிலிருந்து பிரித்தெடுத்த சாரம்) கேப்சூல் முதல் இடம், சரியாகக் காய்ச்சிய பால் கஷாயம் இரண்டாம் இடம். தூள் அடைத்த கேப்சூலுக்குக் கொடுக்கும் காசு வீண். அரிஷ்டம் இந்த நோய்க்கு வேண்டவே வேண்டாம்.

எந்த இதயத்தசை நோய் என்பதை முதலில் பிரிக்க வேண்டும்

கார்டியோமயோபதி என்று ரிப்போர்ட்டில் இருந்தால் அது ஒரே நோய் என்று அர்த்தமில்லை. இதய அறை விரிந்து, சுவர் தளர்ந்து, பம்பிங் விழுவது டைலேட்டட் வகை. இதயத்தசை நோய்க்கு மருதம்பட்டையை மனிதர்களிடம் சோதித்தது பெரும்பாலும் இந்த வகையிலும், மாரடைப்புக்குப் பின் பம்பிங் குறைந்தவர்களிடமும்தான். சுவர் தடித்துப் போகும் ஹைப்பர்ட்ரோஃபிக் வகையில் கதை நேர் எதிர். அங்கே இதயம் ஏற்கெனவே இறுக்கிச் சுருங்குகிறது. சிலருக்கு ரத்தம் வெளியேறும் வழியே சுருங்கும்போது அடைபடுகிறது. சுருங்கும் வேகத்தைக் கூட்டும் எதுவும் அந்த அடைப்பை மோசமாக்கும். சுருங்கு விசையைக் கூட்டும் டிஜாக்சின் மாத்திரையை அங்கே தவிர்ப்பது இதனால்தான். மருதம்பட்டைச் சாறு இதயத்தின் சுருங்கு விசையைக் கூட்டுகிறது என்று விலங்குச் சோதனைகள் சொல்கின்றன. விற்பவர்கள் பெருமையாகச் சொல்லும் அதே குணம், தடித்த இதயத்துக்கு ஆபத்து. ரிப்போர்ட்டில் 'ஹெச்.சி.எம்.' (இந்தத் தடித்த வகை), 'எல்.வி.ஓ.டி. அடைப்பு' (ரத்தம் வெளியேறும் வழியில் அடைப்பு) என்று இருந்தால் இந்த மதிப்புரையை இத்தோடு மூடிவிடலாம். பட்டை பக்கமே போக வேண்டாம்.

நம் ஊருக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப் போன, இதயத்தசை நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஒரு மாற்றம் தெற்காசியரில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது என்று 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் அதில் பங்கு உண்டு. குடும்பத்தில் இளவயதில் இதயநோய் வந்தவர்கள் இருந்தால், பட்டை வாங்கும் காசில் கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு எக்கோ எடுப்பது எவ்வளவோ மேல்.

பிரசவத்தை ஒட்டி வரும் வகையும் தனி. முறையான சிகிச்சையில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு பம்பிங் சில மாதங்களில் மீண்டு வருகிறது. அந்த மாதங்களில் பட்டை குடித்திருந்தால் பெயர் பட்டைக்குப் போய்விடும். பாலூட்டும் தாய்க்கு இது பாதுகாப்பு என்று சொல்லத்தக்க ஆய்வும் கிடையாது.

சோதனையில் தேறியதா?

எல்லா விளம்பரமும் கடைசியில் போய் நிற்பது 1995-இல் இந்தூரில் நடந்த ஒரு ஆய்வில். 12 நோயாளிகள். எல்லோரும் படுத்தாலும் மூச்சு வாங்கும் நான்காம் கட்டம். 10 பேருக்குக் காரணம் தெரியாத டைலேட்டட் வகை, ஒருவருக்கு மாரடைப்புக்குப் பின் வந்தது, ஒருவருக்குப் பிரசவத்தை ஒட்டியது. பட்டை எக்ஸ்ட்ராக்ட் 500 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு வாரம். மருந்து எதுவும் இல்லாத வெறும் மாத்திரை இரண்டு வாரம். நடுவில் இரண்டு வாரம் இடைவெளி. யாருக்கு எப்போது எது என்பது டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. பம்பிங் வெறும் மாத்திரையில் சராசரி 30.24, பட்டையில் 35.33. நான்காம் கட்டத்திலிருந்து மூன்றாம் கட்டத்துக்கு வந்தார்கள். அதன்பின் அதே ஆட்கள் 20 முதல் 28 மாதம் தொடர்ந்து எடுத்தார்கள், நன்றாகவே இருந்தார்கள். ஆனால் அந்த இரண்டாம் பகுதியில் ஒப்பிட வேறு குழு இல்லை.

வடிவமைப்பு மோசமில்லை. சிக்கல் வேறு இரண்டு இடத்தில். ஒன்று, எக்கோவில் பம்பிங் அளப்பதே தோராயமான வேலை. ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு பேர் அளந்தால் 5 புள்ளி முன்னே பின்னே வருவது சகஜம். 12 பேரில் சராசரி 5 புள்ளி ஏறியது என்பதை அந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். இரண்டு, அந்தக் காலத்துச் சிகிச்சை. அவர்களுக்கு அடிப்படையாகக் கிடைத்தது டிஜிட்டலிஸ் (டிஜாக்சின் வகை), உடம்பு நீரை வெளியேற்றும் தண்ணி மாத்திரை, ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரை. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் அப்போது இந்த நோய்க்கு வழக்கத்தில் வரவில்லை. இன்றைய சாகுபிட்ரில், டாபாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் எதுவும் கிடையாது. இன்று இந்தப் புது மாத்திரைகளை எல்லாம் போடுபவரிடம் பட்டை மேற்கொண்டு எதைச் செய்யும் என்ற கேள்விக்கு 1995 ஆய்வில் பதில் இருக்க முடியாது.

அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் அருகில் வந்தது டெல்லி எய்ம்ஸில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு. சுமார் 100 பேர், தண்ணீரில் எடுத்த தரப்படுத்திய எக்ஸ்ட்ராக்ட், 750 மி.கி. இரண்டு வேளை, 12 வாரம். பம்பிங் ஏறவில்லை. முதன்மை இலக்காக வைத்திருந்ததே அதுதான். விளம்பரங்களில் 1995 தெரியும், 2016 தெரியாது. அதற்கான காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெரிய அளவில் சோதித்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க ஐரோப்பாவின் ஹாதார்ன் செடியைப் பார்க்கலாம். மருதம்பட்டையில் இருக்கும் புரோஅந்தோசயனிடின் வகைப் பொருள்தான் அதன் இலையிலும் பூவிலும் முக்கியம். சோதித்த சரக்கு, அந்தப் பொருள் 18.75 சதவீதம் இருக்கும்படி கட்டுப்படுத்தித் தயாரித்தது. 2,681 பேர், பம்பிங் 35-க்குக் கீழே, தினம் 900 மி.கி., இரண்டு ஆண்டுகள். இதயச் சாவு, மாரடைப்பு, நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்வது எல்லாம் சேர்த்து எண்ணியபோது மூலிகைக் குழுவில் 27.9 சதவீதம், வெறும் மாத்திரையில் 28.9. கிட்டத்தட்ட சமம். அமெரிக்காவில் 120 பேரிடம் அதே 900 மி.கி.யை ஆறு மாதம் கொடுத்ததில் நடக்கும் தூரமும் கூடவில்லை. பின்னர் அந்த அமெரிக்க ஆய்வின் தரவைத் திரும்ப அலசியதில், ஆரம்பக் கட்டத்தில் நோய் முற்றியது மூலிகை எடுத்தவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது. மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்ற பேச்சுக்கு இது போதுமான பதில்.

இதில் செடி மேல் எந்தக் குறையும் இல்லை. டிஜாக்சின் ஃபாக்ஸ்குளோவ் செடியிலிருந்து வந்தது. இன்று இதயத் தளர்ச்சிக்கு எழுதும் டாபாகிளிஃப்ளோசினின் மூதாதை ஃப்ளோரிசின், 1835-இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்தது. அந்த மரபில் வந்த மாத்திரையை 4,744 பேரிடம் சோதித்து, 2019-இல் நோய் முற்றுவதும் இதயச் சாவும் சேர்ந்து 26 சதவீதம் குறைவதைக் காட்டினார்கள். அதுவும் மரப்பட்டைதான், பரீட்சை எழுதிப் பாஸ் ஆன மரப்பட்டை. டிஜாக்சினே 1997-இல் 6,800 பேரிடம் சோதித்தபோது ஆஸ்பத்திரிச் சேர்க்கையைக் குறைத்தது, சாவைக் குறைக்கவில்லை. மூச்சு வாங்குவது குறைவதும் ஆயுள் கூடுவதும் இரண்டு தனித்தனிக் கணக்கு.

500 மி.கி. என்ற ஏமாற்று வேலை

கேப்சூல் டப்பாவின் முன்பக்கம் '500 மி.கி.' என்று பெரிதாக இருக்கும். பின்பக்கத்தைத் திருப்புங்கள். 'பட்டைத் தூள் 500 மி.கி.' என்று இருக்கிறதா, 'எக்ஸ்ட்ராக்ட் 500 மி.கி.' என்று இருக்கிறதா? இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இந்திய ஆயுர்வேத மருந்தியல் தரநூல் மருதம்பட்டைக்கு வைத்திருக்கும் வரம்பு, தண்ணீரில் கரைந்து வரும் சத்து 20 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது. அதை வைத்துக் கணக்குப் போடலாம். இரண்டு ஆய்விலும் நாளைக்கு 1,500 மி.கி. எக்ஸ்ட்ராக்ட். 20 சதவீதம் என்றால் அதற்கு 7.5 கிராம் பட்டை வேண்டும். தூள் கேப்சூல் காலை ஒன்று மாலை ஒன்று போட்டால் உள்ளே போவது 1 கிராம் பட்டை, அதாவது 200 மி.கி. எக்ஸ்ட்ராக்ட். ஆய்வு அளவை எட்ட ஒரு நாளைக்கு 15 கேப்சூல் விழுங்க வேண்டும். டப்பா நான்கு நாளில் காலி.

எக்ஸ்ட்ராக்ட் என்று எழுதியிருந்தால் அடுத்த கேள்வி: தண்ணீரில் எடுத்ததா, ஆல்கஹாலில் எடுத்ததா, எத்தனை கிலோ பட்டைக்கு எத்தனை கிலோ? '5:1' என்று இருந்தால் ஐந்து கிலோ பட்டைக்கு ஒரு கிலோ. இந்த விகிதமும் இல்லை, டானின் (துவர்ப்பைத் தரும் பொருள்) சதவீதம் போன்ற எந்த அளவுகோலும் இல்லை என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று தயாரித்தவருக்கே தெரியாத சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம். விலையை ஒப்பிடும்போது டப்பா விலையைப் பார்க்காதீர்கள். மொத்த எக்ஸ்ட்ராக்ட் மில்லிகிராமால் விலையை வகுத்து 1,500-ஆல் பெருக்குங்கள். ஒரு நாள் செலவு அதுதான். மலிவாகத் தெரியும் டப்பாக்கள் பல இந்தக் கணக்கில் தடுமாறி விழும்.

லைசென்ஸ் எண்ணும் ஒரு துப்பு. ஆயுர்வேத, சித்த மருந்து என்றால் மாநில அரசின் மருந்துத் தயாரிப்பு உரிம எண் இருக்கும். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் மட்டும் இருந்தால் அது சட்டப்படி உணவு; 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். இதய நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. அப்படி ஒரு வாசகம் டப்பாவில் இருந்தால், மற்ற வாசகங்களை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

துண்டு பட்டை வாங்குவோருக்கு

கடையில் மருதம்பட்டை என்று கேட்காதீர்கள். நீர்மருது அல்லது வெண்மருது என்று கேளுங்கள். மருது என்ற பெயரில் மூன்று மரம் புழங்குகிறது. ஆற்றங்கரையில் நிற்கும் நீர்மருதுதான் ஆய்வுகளில் பேசப்படுவது. காட்டில் வளரும் கருமருது அதே இனத்தின் வேறு மரம். ஊதாப்பூ பூக்கும் பூமருது குடும்பமே வேறு. (மருத நிலத்துக்குப் பெயர் கொடுத்தது இதில் எந்த மருது என்று புலவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும், கஷாயத்துக்கு நீர்மருது.)

கண்ணால் பிரிப்பது சுலபம். நீர்மருதின் வெளிப்புறம் வழவழப்பாக, வெளிர் சாம்பல் நிறத்தில், ஏடு ஏடாக உரிந்து வந்ததுபோல் இருக்கும். உட்புறம் இளஞ்சிவப்போ செம்பழுப்போ. கருமருது கறுத்து, முதலைத் தோல் மாதிரிக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். ஒரு சின்னத் துண்டை வாயில் போட்டால் நாக்கு இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு வர வேண்டும். பூஞ்சை வாடை, வெள்ளைப் புள்ளி, பொடியாக உதிர்வது எதுவும் இருக்கக்கூடாது.

பொடியாகி விட்டால் கண் உதவாது. இரும்புச் சத்து மாத்திரைக் கரைசலில் போட்டுக் கறுத்தால் அசல் என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது. டானின் உள்ள எதுவும் கறுக்கும், கடுக்காயும் கறுக்கும். அதனால் அடையாளம் நிரூபணம் ஆகாது. ஆனால் கலப்படத்தையும் சாரமில்லாத சரக்கையும் பிடிக்க ஒரு கணக்கு உண்டு, 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு இருந்தால் போதும். 5 கிராம் பொடியை 100 மி.லி. தண்ணீரில் போட்டு, முதல் 6 மணி நேரம் அடிக்கடி குலுக்கி, பிறகு 18 மணி நேரம் அசையாமல் வையுங்கள். வடிகட்டியதில் சரியாக 25 மி.லி. எடுத்து, எடை போட்டு வைத்த தட்டையான கிண்ணத்தில் ஊற்றி, சூட்டில் முழுக்க உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். 25 மி.லி. என்பது 1.25 கிராம் பொடியின் பங்கு. ஒட்டியிருக்கும் காய்ந்த படிவு 0.25 கிராம் இருந்தால் 20 சதவீதம். 0.12 தான் வருகிறது என்றால் அந்தப் பொடியில் பாதிச் சத்துதான்: முதிராத பட்டையோ, கழுவிச் சாரம் எடுத்த சக்கையோ, வேறு தூளோ. தரநூல் முறையில் தண்ணீர் கெட்டுப்போகாமல் இருக்கத் துளி குளோரோஃபார்ம் சேர்ப்பார்கள். வீட்டில் ஃப்ரிட்ஜில் வைத்தால் சமாளிக்கலாம், எண் கொஞ்சம் குறைவாக வரும்.

இன்னொரு விஷயம், சாம்பல். இந்தப் பட்டையை எரித்தால் 25 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம் என்று தரநூலே அனுமதிக்கிறது. பட்டைக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகம் ஏராளம், அதனால்தான். வேறு மூலிகையில் இவ்வளவு சாம்பல் வந்தால் மண் கலந்திருக்கிறது என்று ஒதுக்குவார்கள். இங்கே மண்ணைப் பிடிக்க அமிலத்தில் கரையாத சாம்பலைப் பார்க்க வேண்டும். அது 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் இருப்பவர்கள் பொடியை அப்படியே விழுங்காமல், வடிகட்டிய கஷாயமாக எடுப்பது நல்லது.

கன உலோகம் வீட்டில் சோதிக்க முடியாதது. சாயக் கழிவும் தோல் ஆலைக் கழிவும் ஓடும் ஆற்றங்கரையில் நிற்கும் மரமும் நீர்மருதுதான். ஈயம் 10, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). இவை மேல்வரம்பு. அந்தத் தொகுதிக்கான ஆய்வகச் சான்று கேட்டால் அனுப்பும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். கேட்டும் அனுப்பாதவர்களிடம் வாங்க அவசியமில்லை.

பால் கஷாயம் எங்கே கெடுகிறது

பழைய முறை விகிதம் 1:8:32. 5 கிராம் பட்டை, 40 மி.லி. பால், 160 மி.லி. தண்ணீர். தண்ணீர் முழுக்க வற்றிப் பால் அளவு மட்டும் மிஞ்ச வேண்டும். நிறையப் பேர் ஒரு டம்ளர் பாலில் ஒரு ஸ்பூன் பொடியைப் போட்டு ஒரு கொதி விட்டு இறக்கிவிடுகிறார்கள். அது மருதம் வாசனை அடிக்கும் பால், அவ்வளவுதான்.

ஸ்பூன் கணக்கு நம்பகமில்லை. அரைத்த பதத்தைப் பொறுத்து ஒரு டீஸ்பூன் 2 கிராமும் வரும், 4 கிராமும் வரும். தராசில் போடுங்கள். பொடி ரவைப் பதத்தில் இருக்க வேண்டும். மாவுப் பதம் அடிப்பிடிக்கும், துணியில் வடியாது. இரும்புச் சட்டி கூடாது. டானினும் இரும்பும் சேர்ந்து மை மாதிரிக் கறுத்துவிடும். எவர்சில்வரோ மண்சட்டியோ போதும். முதலில் 40 மி.லி. தண்ணீர் ஊற்றி ஒரு குச்சியை நிறுத்தி, நனைந்த இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்துச் சின்னத் தீயில் வையுங்கள். குச்சியில் அந்தக் கோட்டுக்கு இறங்கும்வரை காய்ச்ச வேண்டும். தீ அதிகமானால் பால் சின்னச் சின்னத் துணுக்காகத் திரியும். துவர்ப்பு பால் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது இது. லேசாகத் திரிந்தால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. துவர்ப்பு குறைந்து வயிற்றுக்கு இதமாவதும் இதே காரணத்தால்தான். கூடவே சத்தில் ஒரு பகுதியும் வடிதுணியில் தங்கிவிடும். நாளைக்கு ஒருவேளை 5 கிராம் கஷாயம் என்றால் 20 சதவீதக் கணக்கில் அதிகபட்சம் 1,000 மி.கி. எக்ஸ்ட்ராக்ட். ஆய்வு அளவில் மூன்றில் இரண்டு பங்கு, உண்மையில் அதற்கும் குறைவு. இரண்டாம் இடம் கொடுத்தது இதனால்தான்.

தண்ணீர் அளந்து குடிக்கச் சொல்லியிருக்கும் நோயாளிக்கு இந்த 40 மி.லி.யும் அன்றைய கணக்கில் சேரும்.

அரிஷ்டம் ஏன் வேண்டாம்

மருதம்பட்டை அரிஷ்டமான அர்ஜுனாரிஷ்டத்தின் பழைய வாய்ப்பாட்டில் மருதம்பட்டையும் வெல்லமும் சம எடை. அதோடு உலர்திராட்சை, இலுப்பைப்பூ, காட்டாத்திப்பூ சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். லேபிளில் 'தானாக உருவான ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம்' என்று பார்க்கலாம். 30 மி.லி. இரண்டு வேளை என்றால் உச்ச அளவில் தினம் 6 மி.லி. சுத்த ஆல்கஹால், சுமார் 4.7 கிராம். சாதாரண ஆளுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் இதயத்தசை பலவீனத்துக்குக் காரணங்களில் ஒன்று குடி. அந்தக் காரணத்தால் பம்பிங் இறங்கியவருக்கு முதல் சிகிச்சையே ஒரு சொட்டும் தொடாமல் இருப்பது. அவருக்குக் குடியை நிறுத்த டைசல்ஃபிராம் மாத்திரை கொடுத்திருந்தால் இன்னும் மோசம்: அரிஷ்டம் பட்டதும் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். சர்க்கரை நோயாளிக்கு வெல்லம் தனிச் சிக்கல். இத்தனைக்கும் பிறகு பட்டைச் சத்து எவ்வளவு என்று எந்தப் பாட்டிலிலும் சொல்லியிருக்காது.

மற்ற மாத்திரைகளோடு மோதுவது

ஆய்வகத்தில் இந்தப் பட்டைச் சாறு கல்லீரலின் சி.ஒய்.பி. 2டி6, 2சி9, 3ஏ4 நொதிகளைத் தடுக்கிறது. மெட்டோபிரோலால், கார்வெடிலால் என்ற பீட்டா பிளாக்கர்கள் இரண்டையும் உடம்பு வெளியேற்றுவது 2டி6 வழியாக. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினின் வீரியமான பாதி 2சி9 வழியாக. மனித உடம்பில் எவ்வளவு தடை நேரும் என்பது வேறு விஷயம்; ஆனால் வார்ஃபரின் போடுபவர் பட்டை ஆரம்பித்தாலும் நிறுத்தினாலும் ஒரு வாரத்தில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை) பார்க்க வேண்டும். பீட்டா பிளாக்கரோடு நாடித் துடிப்பு 50-க்குக் கீழே போனாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ பட்டையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். இரும்புச் சத்து மாத்திரையும் பட்டையும் ஒரே நேரத்தில் போனால் இரும்பு குடலிலேயே கட்டிக்கொள்ளும். இதயத் தளர்ச்சி உள்ளவர்களில் இரும்புக் குறைவு நிறைய. அதனால் குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளி எடுங்கள். மலச்சிக்கல் சாதாரணமாக வரும். முக்குவது இந்த இதயத்துக்கு நல்லதில்லை, அதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

எல்லா மோதலிலும் மோசமானது இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனை காட்டியது. டைலேட்டட் நோயிலிருந்து பம்பிங் முழுக்க மீண்ட 51 பேர். பாதிப்பேருக்கு மாத்திரைகளைப் படிப்படியாக நிறுத்தினார்கள். ஆறு மாதத்தில் 44 சதவீதம் பேருக்கு நோய் திரும்பி வந்தது. மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் அந்த ஆறு மாதத்தில் ஒருவருக்கும் வரவில்லை. பட்டை குடித்து எக்கோ நன்றாகிவிட்டது, இனி இங்கிலீஷ் மருந்து எதற்கு என்று கேட்கும் இடத்தில் இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

எடுத்தே பார்ப்பதென்றால்

நேரம்தான் முதல் தவறு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்தில் பட்டை ஆரம்பிக்கிறார்கள். அதே வாரத்தில் நான்கு புது மாத்திரையும் ஆரம்பமாகியிருக்கும். பீட்டா பிளாக்கரும் சாகுபிட்ரிலும் பம்பிங்கை ஏற்ற மூன்று முதல் ஆறு மாதம் எடுக்கும். ஆறாம் மாத எக்கோவில் 30 என்பது 42 ஆனால் யாருக்குப் பெயர் போகும் என்று சொல்லத் தேவையில்லை. மாத்திரைகளின் அளவு கடைசியாக மாறி மூன்று மாதம் ஆன பிறகு ஆரம்பித்தால்தான் எதுவும் தெரியவரும்.

ஆரம்பிக்கும் முன்பு எக்கோ, என்.டி. புரோ பி.என்.பி. (இதயத்தின் சுமையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனை. 12 வாரம் கழித்து அதே லேப், அதே மெஷின், முடிந்தால் அதே ஆள். எக்கோ ரிப்போர்ட்டில் 'சிம்ப்சன் முறை' (அறையின் ஓரத்தை வரைந்து அளக்கும் முறை) என்று இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து 'சுமார் 35' என்று எழுதியதை ஒப்பிட முடியாது. சாகுபிட்ரில் போடுபவர்கள் வெறும் பி.என்.பி. எடுக்காதீர்கள். அந்த மாத்திரையே பி.என்.பி.யை ஏற்றிவிடும், என்.டி. புரோ வகை அப்படி ஏமாற்றாது. அதுவும் ஒரே ஆளிடம் எந்தக் காரணமும் இல்லாமல் 25 சதவீதம் முன்னே பின்னே ஆடும், அதனால் சின்ன இறக்கத்துக்குக் கொண்டாடத் தேவையில்லை. ஆறு நிமிட நடையை 30 மீட்டர் தளத்தில் செய்யுங்கள். 10 மீட்டர் வராந்தாவில் திரும்பித் திரும்பி நடந்தால் தூரம் குறைவாக வரும். முதல் தடவை எங்கே நடந்தாரோ இரண்டாம் தடவையும் அங்கேயே. 30 மீட்டருக்கு மேல் கூடினால்தான் கணக்கில் எடுக்கலாம்.

தினம் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது. பட்டையை நிறுத்துவதா தொடர்வதா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றே போன் செய்ய வேண்டும். பம்பிங்கும் நடையும் என்.டி. புரோவும் 12 வாரத்தில் அசையவில்லை என்றால் டப்பாவை மூடிவிடலாம்; அளவை இரட்டிப்பாக்கிப் பார்க்க எந்த ஆய்வும் ஆதாரமில்லை.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது 'ஏதோ நாட்டு மருந்து' என்று சொல்லாமல், சீட்டில் இப்படி எழுதிக் கொடுங்கள்: நீர்மருது, தண்ணீர் எக்ஸ்ட்ராக்ட், 750 மி.கி., காலை மாலை, ஆரம்பித்த தேதி. டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள், பின்பக்கம் தெரியும்படி.